கையெழுத்துப் போட்டவன் ஏறவேண்டும்

நான் முப்பத்தேழு வருடம் வேலை செய்த பஸ் கராஜில் போன மாதம் ஒரு கூட்டம். ஓய்வு பெற்ற கிழவர்களைக் கூப்பிட்டு, கோப்பியும் கேக்கும் தந்து, புதிய முறைகளைச் சுற்றிக் காட்டினார்கள். பரிசோதனைக்குப் பொறுப்பான இளம்பெண் ஒருத்தி கையில் டாப்லெட்டை வைத்துக்கொண்டு விரலால் தட்டினாள். முன் அச்சு, பச்சை. பிரேக், பச்சை. முழு பஸ்ஸும் பத்து நிமிடத்தில் பச்சையாகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"கையெழுத்து எங்க பிள்ளை?" என்று கேட்டேன்.

"தேவையில்லை. ஆர் தட்டினது எண்டு சிஸ்டத்துக்குத் தெரியும்."

"சிஸ்டம் பஸ்ஸில ஏறுமோ?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, ஏன் அப்படிக் கேட்டீர்கள் என்று உண்மையாகவே கேட்டாள். நின்ற நிலையில் சொல்லி முடிக்கிற கதையா அது? வீட்டுக்கு வந்தும் இருப்புக்கொள்ளவில்லை. குசினிக்கும் யன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். "இஞ்சாருங்கோ, காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி நிக்காமல் இருந்து எழுதுங்கோவன். மகள் டொச்சில மாத்திக் குடுப்பாள்தானே" என்றாள் மனைவி. அதனால் எழுதுகிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் பேசியது டொச், அதாவது ஜேர்மன் மொழி. ஆனால் என் தலைக்குள் எல்லோரும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறார்கள். அப்படியே எழுதிவிடுகிறேன்.

1966இல் யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்தேன். மூன்றரை வருட அவுஸ்பில்டுங்கை, அதாவது தொழிற்பயிற்சியை, மூன்று சொல்லில் முடிக்கலாம்: குளிர், கிரீஸ், உருளைக்கிழங்கு. அதன் பிறகு டோர்ட்மண்டில் இந்தக் கராஜில் சேர்ந்தேன். அப்போது எங்கள் பஸ்கள் ஜேர்மனிக்குள் மட்டும் ஓடவில்லை. முடி வளர்த்த இளசுகளை ஏற்றிக்கொண்டு துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி டில்லி வரைக்கும் போய்வந்தன. அவற்றைப் போகும் முன் பரிசோதிப்பதும், வந்த பின் பிரித்துப் பார்ப்பதும் எங்கள் வேலை.

எங்கள் மைஸ்டர், அதாவது பட்டறைத் தலைவர், பிரிங்க்மன். போர்க்காலத்தில் ரஷ்யாவில் லொறி ஓட்டி, இடது கையில் இரண்டு விரலைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. கோபம் வந்தால் ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைப்பார். சுத்தமான கையைத் துடைக்கத் தொடங்கினாரென்றால் நாங்கள் ஓடி ஒளிந்துவிடுவோம்.

அவருடைய சட்டம் ஒன்று. பரிசோதனைத் தாளில் இரண்டு கையெழுத்து வேண்டும்: வேலை செய்தவன் ஒன்று, அதைச் சரிபார்த்தவன் ஒன்று. இரண்டு பேரும் பஸ்ஸில் ஏறி, கொலோன் வரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். "கையெழுத்துப் போட்டவன் ஏறவேணும்" என்பார். அதற்குப் பிறகுதான் பயணிகள் ஏறலாம். நான் தமிழில்தான் கையெழுத்துப் போடுவேன். முதல்முறை பார்த்தபோது தாளைத் திருப்பித் திருப்பிப் பிடித்தார். "இதைப் பாத்து ஒருத்தனும் கள்ளக் கையெழுத்துப் போட ஏலாது. நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெடிப்புப் பார்க்கும் முறையையும் அவர்தான் பழக்கினார். இரும்புத் துண்டைத் துடைத்து, மண்ணெண்ணெய் பூசி, கால் மணி நேரம் விட வேண்டும். பிறகு காயத் துடைத்து, வெண்கட்டித் தூளை, அதாவது சோக்குத் தூளைத் தூவ வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக்குள் போயிருந்த எண்ணெய் மெல்ல ஊறி வந்து, வெள்ளைத் தூளில் ஒரு கறுத்தக் கோடாக நிற்கும். அந்தக் கோட்டைக் காண்பதில் எங்கள் கராஜில் கரீமை வெல்ல ஆளில்லை.

கரீம் காபூல்காரன். அங்கே ஜேர்மன்காரர் நடத்திய தொழிற்பள்ளியில் படித்தவன். என்னைவிட நல்ல டொச் பேசுவான், அதைச் சொல்லிக் காட்டவும் தயங்கமாட்டான். மனைவி சர்மினாவும் சின்ன மகளும் காபூலில். வருடத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவான். 1973இல் அவர்களுடைய மன்னர் வைத்தியத்துக்கு இத்தாலி போன நேரம் அரசு கவிழ்ந்தது. மத்தியானச் சாப்பாட்டில் வைத்து அதைச் சொல்லிச் சிரித்தான். "மன்னர் வெளியில போக, மச்சான்காரன் கதிரையில இருந்திட்டான். குடும்பச் சண்டைதான், ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது." நானும் சிரித்தேன். மச்சான்மார் எங்கேயும் அப்படித்தானே!

அந்த நாட்டை நான் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அதன் ரோட்டை எனக்குத் தெரியும், பஸ்ஸின் அடிவயிற்றைப் பார்த்துப் பார்த்து. ஹெராத்தில் இருந்து கந்தஹார் வரைக்கும் ரஷ்யன் போட்ட கொங்கிரீட் ரோடு. பலகை பலகையாக இருக்கும், ஒவ்வொரு பொருத்திலும் சில்லு ஒருதரம் இடிக்கும், நூற்றுக்கணக்கான மைலுக்கு அதே இடி. கந்தஹாரில் இருந்து காபூலுக்கு அமெரிக்கன் போட்ட தார் ரோடு, வழவழப்பு. கொங்கிரீட் முன் அச்சை உடைக்கும், தாரில் வேகமாக ஓடி ட்ரைவர்மார் பிரேக்கைத் தின்பார்கள். "உங்கட நாட்டில ஒரு ரோட்டாவது நீங்கள் போட்டதோ?" என்று கரீமைச் சீண்டுவேன். "கழுதை போற பாதை எல்லாம் எங்கடதான்" என்பான். ஒருநாள் மட்டும் சிரிக்காமல் வேறொன்று சொன்னான். "வடக்கில மலையைக் குடைஞ்சும் ரஷ்யன் ரோட்டுப் போட்டிருக்கிறான். எங்கட பஸ்ஸுக்கு அவ்வளவு அகலம் தேவையில்லை."

1978 ஏப்ரல் கடைசியில் கதிரையில் இருந்த அந்த மச்சானையும் குடும்பத்தோடு கொன்றுவிட்டார்கள். கரீமின் அண்ணன் இராணுவத்தில் அதிகாரி. அந்த நாளுக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவலே இல்லை. கரீம் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் முற்றத்தைச் சுற்றி நடப்பான். நானும் கூட நடப்பேன். மனைவியையும் பிள்ளையையும் வெளியே எடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவன் பேச்சு.

அவர்களுக்கு ஜேர்மன் விசா கிடைத்துவிட்டது. கஷ்டம் காபூல் பக்கம். வைத்தியத்துக்காகப் போகலாம் என்று ஒரு அனுமதிக் கடிதம் எடுக்க வேண்டும். அதற்குப் பிணை வேண்டும். போனவர் திரும்பும்வரை நான் ஊரை விட்டு நகரமாட்டேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கரீமின் மாமா போட்டார். கடிதம் வந்தது, ஹெராத் வழியாகத் தரைமார்க்கம் மட்டும், குறிப்பிட்ட நாளுக்குள் எல்லையைத் தாண்ட வேண்டும் என்று. எங்கள் நாலாம் நம்பர் பஸ் அந்த இலையுதிர் காலத்தில் காபூல் போய்த் திரும்ப இருந்தது. அந்தப் பருவத்தின் கடைசி ஓட்டம். ட்ரைவர் டீட்டர் எங்களுக்குத் தெரிந்த, நம்பக்கூடிய மனிதன். கணக்குப் பார்த்தால், பஸ் திரும்பி எல்லையைத் தாண்டும்போது கடிதம் முடிய இரண்டு நாள் மிச்சம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை பஸ் புறப்பட வேண்டும். வியாழன் மத்தியானம் கரீம் பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை செய்கிற குழிக்குள்ளிருந்து ஏறி வந்து, "முன் அச்சு முடிஞ்சுது" என்று தாளை நீட்டினான். அவன் கையெழுத்து இருந்தது. சரிபார்க்கிறவன் ஏதாவது ஒரு துண்டை மீண்டும் வெண்கட்டி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. குழிக்குள் இறங்கினேன். அடிவயிறு முழுக்கப் பழைய அழுக்கு. இடது சில்லைத் திருப்புகிற ஸ்டியரிங் கை மட்டும் எண்ணெய் வைத்து முழுகின பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது. ஏன் இவ்வளவு சுத்தம் என்று யோசித்தேன். மண்ணெண்ணெய் பூசினேன். கால் மணி நேரம் குழிக்குள்ளேயே நின்றேன். துடைத்துத் தூளைத் தூவினேன். விரல் நகம் நீளத்துக்கு ஒரு கோடு வந்தது.

நிமிர்ந்தேன். குழியின் விளிம்பில் கரீம் நின்றான்.

"நீர் கண்டனீர்தானே?" என்று கேட்டேன்.

"ஓம்."

"கண்டிட்டே கையெழுத்துப் போட்டனீர்?"

"ஓம். காபூல் மட்டும் தாங்கும். அங்க புதுசு போடுவிக்கலாம், டீட்டரிட்டச் சொல்லிவிடுறன்."

"தாங்குமெண்டும் அங்க இந்தத் துண்டு கிடைக்குமெண்டும் ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன். இந்தக் கராஜில வெடிப்பை என்னை விட அறிஞ்சவன் ஆர்?"

"அதுதானடாப்பா எனக்குக் கோவம்!" என்று கத்திவிட்டேன். "தெரியாதவன் செய்தால் பிழை. நீர் செய்தால் என்ன பேர்?"

அவன் குந்தியிருந்து, குழிக்குள் கையை நீட்டி என் தோளைப் பிடித்தான். "சிவா, இந்தத் துண்டு ஸ்டோரில இல்லை. பழைய மொடல். ஃபக்டரியில இருந்து வர திங்கள், செவ்வாய் ஆகும். எனக்கு இருக்கிறது ரெண்டு நாள். உமக்கும் பிள்ளை இருக்கு. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

என் மகளுக்கு அப்போது நாலு வயது. பேனை என் சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்தேன் என்பதையும் மறைக்கவில்லை. என்ன செய்திருப்பேனோ தெரியாது, என் கத்தலைக் கேட்டு மைஸ்டர் வந்துவிட்டார்.

கோட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். யார் என்று கேட்கவில்லை. துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், எட்டு விரலையும், ஒவ்வொன்றாக. பிறகு கரீமிடம் மிக மெதுவாகக் கேட்டார்.

"வரேக்க மகளை எந்த சீட்டில இருத்தச் சொன்னனீர்?"

கரீம் உடனே பதில் சொன்னான், யோசிக்காமல். "முன் சீட்டில. அவளுக்கு ரோட்டைப் பாத்துக்கொண்டு போறதெண்டால் விருப்பம்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னான் என்று அவனுக்கே கேட்டது. முகம் மண்ணாகிவிட்டது. ஸ்பனரை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். நான் பிடிக்க, அவனே அந்தக் கையைக் கழற்றினான்.

மைஸ்டர் ஃபக்டரிக்கு எத்தனை தரம் போன் அடித்தார் என்று தெரியாது. திங்கள் விடிய அவரே தன் காரில் போய் நின்று, துண்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். செவ்வாய் பிற்பகல் பஸ் புறப்பட்டது. நாலு நாள் பிந்தி.

அது திரும்பி வந்த நாளில் முன் சீட் வெறுமையாக இருந்தது. டீட்டர் எங்கள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். கடிதம் முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில் மறுத்துவிட்டார்கள். காபூலில் பஸ் நின்ற இடத்துக்கு சர்மினாவும் பிள்ளையும் பெட்டியோடு வந்திருக்கிறார்கள், எதற்கும் ஒருதரம் என்று. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டது. "நான்தான் தூக்கி இறக்கினன்" என்றான் டீட்டர்.

கரீம் மேசைக்கு அடியில் கிடந்த அந்தப் பழைய ஸ்டியரிங் கையை எடுத்து, இடுக்கியில் இறுக்கி, பெரிய சுத்தியலால் அடித்தான். வெடிப்பு மேலே தெரியும்படி வைத்து அடித்தான். உடைந்துவிடு, உடைந்துவிடு என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். அதுவரை எந்தச் சாமியையும் அவ்வளவு கெஞ்சினதில்லை. இருபது அடி அடித்திருப்பான். உடையவில்லை. வளைந்ததே தவிர உடையவில்லை. சுத்தியலைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான்.

"சுத்தியல் வேறை, ரோட்டு வேறை" என்றார் மைஸ்டர். அது சரியான பேச்சுத்தான். எனக்கு ஒரு ஆறுதலும் வரவில்லை. அந்த இரும்பு அந்த ரோட்டில் தாங்கியிருக்குமா, இல்லையா? இத்தனை வருடத்துக்குப் பிறகும் தமிழ்க் கடை வாசலில் காத்து நிற்கும்போது பக்கத்துக் காரின் சில்லைக் குனிந்து பார்க்கிறேன். மனைவி கையைப் பிடித்து இழுக்கிறாள். எல்லாம் அந்தக் கேள்விதான்.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கரீம் என்னோடு வேலைப் பேச்சு மட்டும் பேசினான். ஸ்பனர் தாரும், லைட்டைப் பிடியும், அவ்வளவுதான். அடுத்த வருடம் ஹெராத்தில் கலவரம். அதன் பிறகு பிணைக்குக் கையெழுத்துப் போட்ட மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இனிப் போடுவதற்கு அங்கே ஆளில்லை. ஈரானும் தலைகீழாகிவிட்டது. அந்த இலையுதிர் காலத்தோடு காபூல் ஓட்டத்தை நிறுத்துவதென்று கம்பெனி முடிவெடுத்தது. கடைசியாகப் போவதும் நாலாம் நம்பர்தான்.

முன் அச்சைக் கரீம் கேட்டு வாங்கிச் செய்தான். சரிபார்க்க நான். ஒரு துண்டு பார்த்தால் போதும் என்ற முறையை விட்டுவிட்டு, எல்லாத் துண்டையும் வெண்கட்டி போட்டுப் பார்த்தேன். அரை நாள் போனது. கரீம் விளிம்பில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு கோடும் வரவில்லை. ஏறி வந்து கையெழுத்துப் போட்டேன். அவன் அந்தத் தாளை வாங்கி, என் எழுத்தை வெகுநேரம் பார்த்தான்.

கொலோன் போய்த் திரும்பினோம். நானும் டீட்டரும் முற்றத்தில் இறங்கினோம். கரீம் முன் சீட்டை விட்டு எழும்பவில்லை. காலடியில் ஒரு பை இருந்தது.

"இறங்கும் கரீம்."

"கையெழுத்துப் போட்டவன் ஏறவேணும்."

"அது கொலோன் மட்டும்தான்."

"எனக்குக் கொலோன் காணாது சிவா."

"விசரோ உமக்கு? போனால் விடுவாங்களே உம்மை?"

"என்னை விடத் தேவையில்லை. அங்க ஒரு கையெழுத்துத் தேவை. அதைப் போட ஆள் இல்லை."

பிணைக்குக் கையெழுத்துப் போடுகிறவன் அங்கேயே நிற்க வேண்டும். எனக்கு விளங்கிவிட்டது. வாசலில் நின்ற மைஸ்டரைப் பார்த்தேன், ஏதாவது சொல்லுங்கோ என்று. அவர் வந்து பயணத் தாளை வாங்கி, இரண்டாம் மெக்கானிக் என்று கரீமின் பெயரை எழுதினார். பிறகு அந்த மூன்று விரல் கையை அவனிடம் நீட்டினார். இடது கையை அவர் யாருக்கும் கொடுத்து நான் கண்டதில்லை.

நவம்பர் தொடக்கத்தில் நாலாம் நம்பர் திரும்பி வந்தது. மத்தியான நேரம், மெல்லிய மழை. கண்ணாடிக்குப் பின்னால் முன் சீட்டில் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. நான் ஓடினேன். டீட்டர் கதவைத் திறந்தான். பிள்ளை இறங்கியது. பின்னால் சர்மினா. அவருக்குப் பின்னால் யாரும் வரவில்லை. தெரிந்தும் இரண்டு படி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சர்மினா பள்ளிக்கூடத்தில் டொச் படித்தவர். என் பெயரைக் கேட்டார். சொன்னேன். மகளிடம் ஏதோ சொன்னார். பிள்ளை சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு கடுதாசியை எடுத்தது. ட்ரைவர் பக்கத்தில் மாட்டியிருந்த பரிசோதனைத் தாளை டீட்டரிடம் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டியது. கடுதாசியில் இருந்தது என் கையெழுத்து. தமிழ் தெரியாத ஒருவன், பார்த்துப் பார்த்து, சுழி சுழியாகக் கீறிய என் கையெழுத்து.

"காபூலில ஏற முதலும் இப்பிடித்தான் பிடிச்சுப் பாத்தவள்" என்றார் சர்மினா. "அவர் சொல்லிவிட்டவர். இந்த எழுத்து தாளில இருந்தால் பிள்ளையை முன் சீட்டில இருத்துங்கோ, இல்லாட்டி ஏறவே வேண்டாம் எண்டு."

மழைக்குள் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை.

கரீமிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. டிசம்பர் கடைசியில் வடக்கு ரோட்டால், அந்தக் குடைந்த மலைக்குள்ளால், ரஷ்ய டாங்கிகள் வந்து இறங்கின. கராஜ் சாப்பாட்டு அறையில் டிவியில் பார்த்தோம். அகலம் அளவாகத்தான் இருந்தது. மைஸ்டர் எழும்பிப் போய்விட்டார். மூன்றாவது கடிதம் வரவில்லை.

சர்மினா காலமாகிவிட்டார். மகள் எசனில் இருக்கிறாள், அவளுக்கும் பிள்ளைகள். 2021இல் காபூல் விமான நிலையத்தைக் காட்டியபோது போன் எடுத்தாள். "அங்கிள், டிவி பாக்கிறியளோ?" என்றாள். "ஓம்" என்றேன். இரண்டு பேரும் சனக்கூட்டத்துக்குள் கிழவர்களின் முகங்களைத் தேடிக்கொண்டிருந்தோம். அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

பிள்ளை, டாப்லெட்காரப் பிள்ளை, உனக்குத்தான் இதை எழுதினேன். நாலாம் நம்பர் பஸ்ஸின் தாள் இரண்டு முறை என் கைக்கு வந்தது. ஒருமுறை கையெழுத்துப் போடவில்லை, ஒருமுறை போட்டேன். இரண்டு முறையும் நான் செய்தது சரி. கரீம் வரவில்லை.